மூன்றாம் பக்கத்துக்குள் நட்சத்திரம்: எந்த வழியில் போவது?

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் சிலர் தங்கள் கைப்பிரதியை எனக்கு அனுப்புவார்கள். கதையில் இயற்பியல் எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்வது என் பங்கு. அண்மையில் வந்த ஒரு கதையில், ஐந்து வயது மகளைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு தாய் விண்கலத்தில் ஏறுகிறாள். இரண்டாம் பக்கத்தில் விடைபெறுகிறாள். மூன்றாம் பக்கத்தில், ஒளியின் வேகத்தைத் தாண்டிக் கப்பல் பாய்ந்தது என்று ஒரே ஒரு வரி. நான்காம் பக்கத்தில் பத்து ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு கோளில் இறங்கிவிடுகிறாள்.

கதை நன்றாகவே இருந்தது. அம்மாவின் காலணி வாரைப் பிடித்துக்கொண்டு குழந்தை விட மறுக்கும் இடத்தை இரண்டு முறை படித்தேன். ஆனால் மூன்றாம் பக்கத்து வரியில் என் பென்சில் நின்றுவிட்டது. எழுதியவருக்கு அது பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போவதைப் போன்ற ஒரு இணைப்பு வரி. உண்மையில் கதையின் மிகப் பெரிய முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. தாய் எந்த வழியாகப் போகிறாள் என்பதைப் பொறுத்து, திரும்பி வரும்போது மகளுக்கு என்ன வயது, வழியில் இருவரும் பேசிக்கொள்ள முடியுமா, போனவள் வீடு திரும்பவே முடியுமா என்பதெல்லாம் மாறிவிடும்.

"அப்படியானால் நான் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கட்டும்?" என்று கேட்டு அவர் எழுதினார். அவருக்கு எழுதிய பதிலை விரித்து, அதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே தருகிறேன். ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் எடைபோட்டிருக்கிறேன். இயற்கை அதற்கு இடம் கொடுக்கிறதா? என்ன விலை கேட்கிறது? கதைக்கு என்ன செய்கிறது?

முதலில் தூரம்

நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம், சூரியனை விட்டுவிட்டால், புராக்சிமா செண்டாரி. 4.24 ஒளியாண்டு, அதாவது சுமார் 40 லட்சம் கோடி கிலோமீட்டர். 1977ல் புறப்பட்ட வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அது அந்த நட்சத்திரத்தை நோக்கிப் போகவில்லை. போவதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். மனிதன் செய்த பொருள்களில் மிக வேகமாகப் போனது பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம். 2024 டிசம்பரில் சூரியனை மிக நெருங்கிச் சுற்றியபோது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 192 கிலோமீட்டர். அந்த வேகத்திலும் புராக்சிமாவுக்கு 6,600 ஆண்டுகள்.

இந்தத் தூரந்தான் எழுத்தாளர்களை ஒளியை மிஞ்சும் கப்பல்களிடம் துரத்தியது. ஒரு மணி நேரத் தொலைக்காட்சிக் கதைக்குள் நாயகன் புது உலகத்தில் இறங்கியாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. கதையின் தேவையில் பிறந்த அந்த இயந்திரத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பார்த்ததில், அது என்றாவது ஒருநாள் வந்தே தீரும் என்ற நம்பிக்கை வாசகர்களிடம் ஊறிவிட்டது. "ஒலியின் வேகத்தையும் தாண்ட முடியாது என்றார்கள். 1947ல் விமானம் தாண்டவில்லையா?" என்ற கேள்வி எந்த அறிவியல் கூட்டத்திலும் எழும். நல்ல கேள்வி, ஒப்புமைதான் பொருந்தவில்லை. துப்பாக்கிக் குண்டு அதற்கு வெகுகாலம் முன்பே ஒலியைத் தாண்டியிருந்தது. சாட்டையைச் சொடுக்கும்போது எழும் ஓசையே அதன் நுனி ஒலியை மிஞ்சுவதால் வருவதுதான். இயற்கையில் தடை இருக்கவில்லை, விமானம் கட்டுவதில்தான் சிரமம் இருந்தது. ஒளிக்கு அப்படி ஒரு சாட்டை நுனி இதுவரை அகப்படவில்லை.

சுவர் எப்படி இருக்கும்

ஒளியின் வேகத்தைச் சுவர் என்று சொன்னாலும் முட்டி நிற்பது போல எதுவும் நடப்பதில்லை. ஜெனீவாவுக்கு அருகே நிலத்தடியில் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களைச் சுழலவிடுகிறார்கள். 2010ல் ஒவ்வொரு புரோட்டானுக்கும் 3.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொடுத்தார்கள். அப்போது அது ஒளியைவிட நொடிக்குச் சுமார் 11 மீட்டர் மட்டுமே பின்தங்கி இருந்தது. ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். 2015ல் ஆற்றலை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 6.5 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். பின்தங்கல் சுமார் 3 மீட்டர் ஆனது. உலகின் மிகப் பெரிய இயந்திரத்தில் இரு மடங்கு ஆற்றலைக் கொட்டியதற்குக் கிடைத்த கூடுதல் வேகம், மூச்சிரைக்க ஓடும் ஒரு மனிதனின் வேகம். மிச்சமிருக்கும் அந்த 3 மீட்டரை முழுதாகக் கடக்க எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் போதாது. 1905ல் ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடு சொன்னது இதைத்தான். அந்த வளையத்தில் அது நாள்தோறும் சரிபார்க்கப்படுகிறது.

ஒருமுறை சுவர் விரிசல் விட்டதோ என்று உலகமே நிமிர்ந்து பார்த்தது. 2011 செப்டம்பரில், ஜெனீவாவிலிருந்து பூமியைத் துளைத்துக்கொண்டு 730 கிலோமீட்டர் கடந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலையடி ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள்), ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தவறு எங்கே என்று கண்டுபிடித்துத் தாருங்கள் என்று மற்றவர்களை அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வேறொரு சாட்சி ஏற்கெனவே இருந்தது. 1987ல் சுமார் 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் வெடித்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதைப்போல, வெடிப்பின் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பாக அதன் நியூட்ரினோக்கள் வந்து சேர்ந்தன. நட்சத்திரத்தின் உள்ளிருந்து ஒளியைவிட முந்திக் கிளம்பியதால் கிடைத்த முன்தூரம் அது. இத்தாலியில் அளந்த வேகம் உண்மையாக இருந்திருந்தால் அவை நான்கு ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது. நேரக் குறிப்பைக் கொண்டுவந்த ஓர் ஒளியிழைக் கம்பி தன் இணைப்பில் சரியாக இறுகாமல் இருந்திருக்கிறது. திருகி இறுக்கியதும் நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்துக்குள் வந்துவிட்டன.

கேள்விக்கு முன்னே வரும் பதில்

ஆற்றல் பற்றாக்குறையைக்கூடக் கதையில் சமாளித்துவிடலாம். பெரும்பாலான எழுத்தாளர்கள் கவனிக்காமல் விடும் விலை இன்னொன்று. ஒளியை மிஞ்சினால் நேற்றும் நாளையும் கலைந்துவிடும். இதைக் கணக்கோடு பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

பகல் 12 மணிக்கு ஒரு கப்பல் பூமியிலிருந்து ஒளியின் 80 விழுக்காடு வேகத்தில் புறப்படுகிறது. பூமியில் ஒருவர், கப்பலில் ஒருவர், இருவரிடமும் நொடிப்பொழுதில் செய்தி அனுப்பும் கருவி இருப்பதாகக் கொள்வோம். இரவு 10 மணிக்குப் பூமியிலிருந்து ஒரு கேள்வி போகிறது. ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என்பதால், கப்பலின் கடிகாரம் அப்போது மாலை 6 மணிதான் காட்டும். கப்பலில் இருப்பவர் உடனே பதில் அனுப்புகிறார். அவர் பார்வையில் தான் நிற்கிறார், பூமிதான் விலகி ஓடுகிறது. ஆகவே அவருக்குப் பூமியின் கடிகாரம் மெதுவாக நடக்கிறது; தன் மாலை 6 மணிக்கு அங்கே பிற்பகல் 3:36. பதில் போய்ச் சேரும் நேரம் அதுவே. இரவு பத்து மணிக்குக் கேட்கப்போகும் கேள்விக்குப் பிற்பகலிலேயே பதில் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு, கேள்வியே கேட்க வேண்டாம் என்று பூமியில் இருப்பவர் முடிவு செய்தால்?

இதில் கணக்குப் பிழை இல்லை. ஐன்ஸ்டைனின் சார்பியல், ஒளியை மிஞ்சும் செய்தி, காரணத்துக்குப் பின்னே காரியம் என்ற மூன்றையும் ஒரே கதையில் வைத்திருக்க முடியாது. ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுவதற்கும் தெரியாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் உணர்ந்துவிடுவார். கணக்குத் தெரியாத வாசகர்கூட.

சட்டென்று விலக்கிவிடக்கூடியவை

டாக்கியான் என்ற துகளைச் சிலர் கேட்கிறார்கள். பிறக்கும்போதே ஒளியைவிட வேகமாக ஓடும் துகள்கள் இருக்கலாமா என்று 1962ல் இந்திய இயற்பியலாளர் ஈ. சி. ஜி. சுதர்சனும் இரு தோழர்களும் எழுதினார்கள். 1967ல் ஜெரால்ட் ஃபைன்பெர்க் அதற்கு டாக்கியான் என்று பெயர் வைத்தார். அழகான கருத்து, ஆனால் ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்பட்டாலும் சாதாரண அணுக்களால் ஆன தாயை அது சுமந்து போகாது. தொலைவில் பிரிந்திருக்கும் இரு துகள்களைப் பிணைக்கும் குவாண்டம் பின்னலைப் பிடித்துக்கொண்டு செய்தி அனுப்புவதும் நடக்காது. இரு முனைகளில் அளக்கும் விடைகள் பொருந்திப்போவது உண்மை. ஆனால் எந்த விடை வரவேண்டும் என்று நாம் தீர்மானிக்க முடியாது என்பதால் அதில் ஒரு சொல்லைக்கூட ஏற்ற முடியாது.

இன்னொரு வெளிக்குள் குதித்து வேறிடத்தில் வெளியே வருவது என்ற பழைய உத்தியைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அதற்கு இயற்பியலில் வேர் கிடையாது. அது கதையின் ஒப்பந்தம். போர்க்கதையோ சாகசக் கதையோ எழுதுகிறவர் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் விளக்கம் சொல்லப் புறப்பட வேண்டாம். எத்தனை நாள் ஆகும், எங்கிருந்து குதிக்கலாம், எங்கிருந்து கூடாது என்று விதி வகுத்து, அதைக் கடைசிப் பக்கம்வரை மீறாமல் இருந்தால் போதும்.

வார்ப்: கப்பல் நகராது, வெளி நகரும்

பொருள் வெளிக்குள் ஒளியை மிஞ்சக்கூடாது என்பதுதான் விதி. வெளி தானாகவே விரியும் வேகத்துக்கு அந்த வரம்பு இல்லை. வெகுதொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு ஒளியைவிட வேகமாக விலகிக்கொண்டிருப்பது இப்படித்தான். மெக்சிகோவைச் சேர்ந்த இயற்பியலாளர் மிகுவேல் அல்குபியர் 1994ல் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். கப்பலுக்கு முன்னால் வெளி சுருங்க வேண்டும், பின்னால் விரிய வேண்டும், நடுவே ஒரு குமிழியில் கப்பல் அசையாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு அமைப்பு ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டினார். தன் கட்டுரைக்கு அவர் வைத்த பெயரிலேயே வெளியை வளைப்பது என்ற பொருளில் புனைகதைகளில் புழங்கிய வார்ப் என்ற சொல் இருந்தது. தொலைக்காட்சித் தொடர் எழுதியவர்கள் 1960களில் ஒரு வசதிக்காகப் போட்டு வைத்த சொல் முப்பது ஆண்டுகளில் ஆய்விதழில் ஏறிவிட்டது. புனைகதைக்கும் அறிவியலுக்கும் உள்ள போக்குவரத்துக்கு இது நல்ல சான்று.

விலைதான் மலைக்க வைக்கிறது. குமிழியை உண்டாக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதாவது வெற்றிடத்தைவிடக் குறைவான ஆற்றல். இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் இடையே அப்படிப்பட்ட நிலை நூலளவு தோன்றுகிறது. 1948ல் இயற்பியலாளர் காசிமிர் கணித்தது பின்னர் அளக்கவும்பட்டது. அந்த நூலளவை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட முடியாது. அகன்ற குமிழி ஒன்றுக்கு, நாம் காணும் பிரபஞ்சம் முழுவதன் நிறையையும் விஞ்சும் எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்று 1997ல் ஒரு கணக்கு வந்தது. 1999ல் குமிழியின் வடிவத்தை மாற்றி, சில சூரியன்களின் நிறை அளவுக்கு இறக்கினார்கள். அதுவும் நம் கைக்கு எட்டாதது. 2021க்குப் பின் வந்த சில கணக்குகள் எதிர்மறை ஆற்றலே இல்லாமல் வார்ப் குமிழி அமைக்கலாம் என்று காட்டுகின்றன. அவற்றுள் உறுதியாக நிற்பவை ஒளியைவிடக் குறைந்த வேகத்தில் போகும் குமிழிகள்.

ஆற்றல் கிடைத்தாலும் தொல்லை தீராது. ஒளியை மிஞ்சும் குமிழிக்குள் இருப்பவரால் அதன் முன்சுவருக்கு எந்தச் செய்தியும் அனுப்ப முடியாது. ஒளியே அங்கே போய்ச் சேராது என்றால் பிரேக் போடுவது எப்படி? வழியில் முன்சுவர் வாரிச் சேர்த்துக்கொண்ட துகள்கள், நிற்கும் கணத்தில் கொடிய கதிர்வீச்சாக முன்னோக்கிப் பாயும் என்றும் ஒரு கணக்கு சொல்கிறது. போய்ச் சேர வேண்டிய ஊரையே சுட்டுப் பொசுக்கும் வண்டி. இதையே கருவாக வைத்து யாராவது எழுதினால் ஆவலோடு படிப்பேன். ஆனால் தாய்-மகள் கதைக்கு வார்ப் ஒத்துவராது. அது தூரத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. தூரம் போனால் பிரிவும் போய்விடும்.

புழுத்துளை: நாவல் கேட்ட கேள்வி

ஒளியை மிஞ்சியே தீர வேண்டும் என்பவருக்கு நான் கைகாட்டுவது புழுத்துளையை. அது அறிவியலுக்குள் முழு மரியாதையோடு நுழைந்த விதத்தை அறிந்தால் காரணம் புரியும்.

வெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குப் பாதை ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935ல் எழுதிய கட்டுரையிலேயே தலைகாட்டியது. புழுத்துளை என்ற பெயர் இயற்பியலாளர் ஜான் வீலர் காலத்தில், 1957ல் வந்தது. ஆனால் 1962ல் வீலரும் ஃபுல்லரும் ஒரு கெட்ட செய்தியைச் சொன்னார்கள். அந்தப் பாதை திறந்த வேகத்திலேயே இறுகி மூடிக்கொள்ளும், ஓர் ஒளிக்கதிர்கூட மறுபக்கம் போய்ச்சேர நேரம் இருக்காது. விஷயம் ஏறக்குறைய அங்கேயே தூங்கிவிட்டது.

1980களின் நடுவில் வானியலாளர் கார்ல் சேகன் 'காண்டாக்ட்' என்ற நாவலை எழுதிக்கொண்டிருந்தார். நாயகி வெகுதூரத்திலுள்ள நட்சத்திரத்துக்குப் போக வேண்டும். கருந்துளை வழியாக அனுப்பலாம் என்று நினைத்திருந்தார். சரியா என்று பார்த்துச் சொல்லும்படி இயற்பியலாளரான தன் நண்பர் கிப் தோர்னிடம் கைப்பிரதியைக் கொடுத்தார். கருந்துளைக்குள் போனால் உயிர் தப்பாது என்று தோர்னுக்குத் தெரியும். தப்பாது என்று மட்டும் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மனிதர் கடந்து போகக்கூடிய புழுத்துளை ஒன்று வேண்டுமென்றால், அதைத் திறந்து பிடிக்க எப்படிப்பட்ட பொருள் தேவை? விடை, எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள். சேகன் நாவலில் புழுத்துளையைச் சேர்த்துக்கொண்டார். 1985ல் நூல் வந்தது. தோர்னும் மாணவர் மைக்கேல் மாரிஸும் அந்தக் கணக்கை 1988ல் இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஓர் இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில், புழுத்துளையின் ஒரு வாயை வேகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தால் அது கால இயந்திரம் ஆகிவிடும் என்றும் காட்டினார்கள். இயற்கை அப்படி நடக்க விடாது என்று 1992ல் ஹாக்கிங் தன் ஊகத்தை முன்வைத்தார். ஒரு நாவலாசிரியர் கேட்ட ஒத்தாசையிலிருந்து ஓர் ஆய்வுத் துறையே கிளைத்தது.

விலை? ஒரு மீட்டர் ஆரமுள்ள வாயைத் திறந்து பிடிக்க, எதிர்மறை ஆற்றல் வியாழன் கோளின் நிறை அளவில் வேண்டியிருக்கும். இதுவும் இன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை. இயற்பியலில் வார்ப்புக்கும் இதற்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கதையில்தான் வித்தியாசம். புழுத்துளை ஓர் இடத்தில் இருக்கிறது. அதற்கு வாசல் உண்டு. வாசல் என்றால் காவல் உண்டு, வரிசை உண்டு, நுழைய விடாதவர் உண்டு. மறுவாயை அந்த நட்சத்திரத்துக்கு யாரோ ஒருவர் முதலில் ஒளியைவிடக் குறைந்த வேகத்தில் சுமந்துகொண்டு போயிருக்க வேண்டும். அவர் யார், எத்தனை தலைமுறை ஆயிற்று, வாசலைத் திறந்தவர்களுக்கு அதில் உரிமை இருக்கிறதா? கதைகள் தாமாக வந்து நிற்கின்றன. வார்ப்பில் கப்பல் வைத்திருப்பவர் எங்கும் போகலாம். புழுத்துளையில் உலகத்துக்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடுகிறது. அரசியல் எழுத விரும்புபவர் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒளியை மிஞ்சாமல்

இங்கே ஆட்கள் இல்லாத பயணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சில கிராம் எடையுள்ள மின்னணுச் சில்லைச் சக்திவாய்ந்த லேசர் ஒளியால் தள்ளி, ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் 20 ஆண்டில் அருகிலுள்ள நட்சத்திரத்தைக் கடக்கச் செய்வது என்று 2016ல் அறிவிக்கப்பட்ட திட்டம் இந்தப் பட்டியலிலேயே நிஜத்துக்கு மிக அருகில் இருக்கும் யோசனை. அதில் தாய்க்கு இடமில்லை.

தலைமுறைக் கப்பலில் இடம் உண்டு, ஆனால் போய்ச் சேர்வது அவள் அல்ல. புறப்பட்டவர்கள் வழியில் மடிவார்கள். வழியில் பிறந்தவர்கள் வழியிலேயே மடிவார்கள். யாரோ ஒரு கொள்ளுப்பேத்தியின் கொள்ளுப்பேத்தி இறங்குவாள். எத்தனை பேர் ஏற வேண்டும் என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 2018ல் வெளிவந்த ஒரு கணக்கு 98 பேர் போதும் என்கிறது. 2014ல் ஒன்று 14,000 பேராவது வேண்டும் என்றது. இது இயற்கை விதி எதையும் மீறாத வழி. ஆனால் கேட்காமலேயே தலையில் சுமத்தப்பட்ட பயணத்தில் பிறக்கும் குழந்தையின் நியாயத்தை எழுதத் துணிவிருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். வெறும் போக்குவரத்து வசதிக்காகத் தலைமுறைக் கப்பலைப் பயன்படுத்திய கைப்பிரதிகளைப் படித்து வருந்தியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் நெருக்கமான வழி, ஒளியைத் தாண்டாமல் அதன் வேகத்தை ஒட்டிப் போவது. இதற்குப் புதிய இயற்பியல் எதுவும் வேண்டாம். வேகமாகப் போகிறவருக்குக் காலம் குறைவாக ஓடும் என்பது நம் தலைக்கு மேலேயே நடக்கிறது. வளிமண்டலத்தின் உயரத்தில், சுமார் 15 கிலோமீட்டருக்கு மேலே, மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் நொடியில் 10 லட்சத்தில் 2.2 பங்கு. ஒளி வேகத்தில் ஓடினாலும் அந்த ஆயுளில் 660 மீட்டருக்கு மேல் வர முடியாது. ஆனாலும் அவை தரைக்கு வந்து சேர்கின்றன. வேகத்தால் அவற்றின் கடிகாரம் மெதுவாகிவிட்டது. இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் உங்கள் உடலைப் பல மியூவான்கள் கடந்து போயிருக்கும்.

பூமியின் ஈர்ப்பை ஒத்த முடுக்கத்தில் பாதி வழி வேகமெடுத்து மீதி வழி வேகம் குறைத்தால், புராக்சிமாவுக்குக் கப்பல் கடிகாரத்தில் மூன்றரை ஆண்டு. பூமியில் ஏறக்குறைய ஆறு ஆண்டு. அதே முடுக்கத்தில் நம் விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதிக்குக் கப்பலில் 20 ஆண்டு போதும். பூமியில் 26,000 ஆண்டு போயிருக்கும். ஆக, ஒருவர் தன் ஆயுளுக்குள் எங்கு வேண்டுமானாலும் போய்விடலாம். விட்டுவந்தவர்களிடம் திரும்ப முடியாது, அவ்வளவுதான்.

இதுவும் மலிவில்லை. ஒரு கிலோ எடையை ஒளியின் 99 விழுக்காடு வேகத்துக்குக் கொண்டுபோகத் தேவையான ஆற்றல், 1961ல் சோவியத் நாடு வெடித்த, இதுவரையிலான மிகப் பெரிய அணுகுண்டைப் போல இரண்டரை மடங்கு. ஒரு கிலோவுக்கு மட்டும். எதிரே ஒரு மில்லிகிராம் தூசி வந்து மோதினால் 130 டன் டி.என்.டி. வெடித்ததற்குச் சமம். ஆனால் இவை பொறியாளரின் தொல்லைகள். ராக்கெட்டும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. ராபர்ட் கொடார்ட் சிறுவயதில் செவ்வாய்வாசிகளின் படையெடுப்பைப் பற்றிய புனைகதையைப் படித்துவிட்டுக் கனவு கண்டார். 1926ல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். அந்தக் கனவு பலித்ததற்கு அவர் உழைப்பு ஒரு காரணம், இயற்கை குறுக்கே நிற்காதது மறு காரணம். ஒளியை மிஞ்சும் உந்துவிசை உட்படப் புதிய வழிகளைத் தேட நாசா 1996லிருந்து 2002வரை ஒரு சிறு திட்டமே நடத்தியது. கப்பலுக்கு வழி எதுவும் பிறக்கவில்லை. கனவில் குறை சொல்ல எதுவும் இல்லை, இங்கே இயற்கை குறுக்கே நிற்கிறது.

அந்தக் கதைக்கு

எனவே கைப்பிரதி அனுப்பியவருக்கு நான் எழுதியது இது. மூன்றாம் பக்கத்து வரியை அடித்துவிடுங்கள். கப்பல் ஒளியைத் தாண்ட வேண்டாம். ஒளியின் 99 விழுக்காட்டில் போகட்டும். வேகமெடுக்கும் காலத்தையும் கோளில் தங்கும் நாள்களையும் கணக்கில் சேர்க்காமல் பார்ப்போம். பத்து ஒளியாண்டு போய்த் திரும்பப் பூமியில் 20 ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். தாய்க்குப் போகும்போது 17 மாதம், வரும்போது 17 மாதம். திரும்பி வருபவளுக்கு மூன்று வயதுகூடக் கூடியிராது. காலணி வாரைப் பிடித்துக்கொண்ட குழந்தைக்கு வயது இருபத்தைந்து.

கடிதத்துக்கும் வழியிருக்கிறது. மகள் நாளுக்கு ஒன்று அனுப்பட்டும். எழுதத் தெரியும்வரை பாட்டி எழுதித் தரட்டும். கடிதங்கள் ஒளியின் வேகத்தில் வரும், கப்பலோ ஏறக்குறைய அதே வேகத்தில் அவற்றை விட்டு ஓடிக்கொண்டிருக்கும். எனவே போகும் 17 மாதத்தில் தாய்க்குக் கிடைப்பவை மொத்தம் 37 கடிதங்கள்தான், இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த முப்பத்தேழிலும் மகளுக்கு ஐந்து வயதுதான். அங்கே அவள் மறந்துவிட்டாளோ, அனுப்புவதை நிறுத்திவிட்டாளோ என்று தாய் கலங்குவாள். பிறகு கப்பல் திரும்புகிறது. இப்போது கடிதங்களை எதிர்கொண்டு போகிறாள். ஒரே நாளில் பதினான்கு கடிதங்கள் வருகின்றன. மறுநாள் பதினான்கு. திரும்பும் 17 மாதத்தில் ஏழாயிரத்து முந்நூறுக்கும் மேல். காலையில் பாட்டியின் கையெழுத்து, ஒரு மாதம் கழித்து மகளின் கோணல் எழுத்து. தாய் தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் மகளுக்கு வயது இரண்டு வாரம் கூடியிருக்கும். ஏதோ ஒரு நாள் காலையில் பாட்டியைப் பற்றிய கடிதம் வரும். அதற்கு ஆறுதல் சொல்லித் தாய் எழுதுவது பூமிக்குப் போய்ச் சேரும்போது, மகள் அந்தத் துக்கத்தை ஆண்டுகளுக்கு முன்பே கடந்திருப்பாள்.

அவர் இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். கடிதங்களின் வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நாள்வாரியாக ஓர் அட்டவணை போட்டுத் தரும்படி கேட்டிருந்தார். போட்டு அனுப்பியிருக்கிறேன்.